அமாவாசைக்கு மூன்று பாயசம்

தர்மம் கேட்கிற தொழிலில் கேட்பதுகூடச் சுலபம்; கொடுக்க வந்தவரிடம் "இன்னைக்கு வேண்டாமுங்க" என்று சொல்வதுதான் கஷ்டம்.

அறுபதுகளில் சூலூர்ப் பக்கம் ஓர் இலவச விடுதிக்கு நான் வார்டன். நாற்பது பிள்ளைகள். ஒருநாள் சாப்பாட்டை யாராவது ஏற்றுக்கொண்டால் காலண்டரில் அந்தத் தேதிக்கு நேரே அவர் பெயரை எழுதுவேன். பெயரில்லாத தேதிகளைப் பார்த்தால் மறுபடி கேட்கக் கிளம்பிவிடுவேன். இப்படி வாசல் வாசலாக ஏறி இறங்கியவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

ஒரே நாள், மூன்று விருந்து

எல்லோருக்கும் அமாவாசைதான் வேண்டும். அந்த வருஷம் தை அமாவாசைக்கு மூன்று பேர் கேட்டார்கள். நம்மூர் நாக்கில் "இல்லை" என்ற சொல் லேசில் வருமா? மூன்று பேரிடமும் "ஆகட்டுங்க" என்று சொல்லித் தொலைத்தேன்.

பத்து மணிக்கு ஒரு பாயசம், ஒரு மணிக்கு ஒரு பாயசம். மூன்று மணிக்கு வந்தவர் பருத்தி வியாபாரி. தன் கையாலேயே பரிமாறினார். பையன்கள் இலையைப் பார்த்து முழித்தார்கள். அவர் முகம் வாடிவிட்டது. "ஏனுங்க வார்டன், பசங்க இப்படிக் கொறிக்கறாங்களே, ஒடம்புக்கு ஏதாச்சுங்களா?"

பார்த்துத்தான் போடவேண்டும்

பெருந்துறையிலிருந்து ஓர் அம்மா. நல்ல மனசு. பிள்ளைகள் சாப்பிடுவதைக் கண்ணால் பார்க்கவேண்டும், தான் வரும்வரை இலை போடக்கூடாது என்பது மட்டும் அவருடைய நிபந்தனை. சாமான்களை முதல் நாளே அனுப்பிவிட்டார்.

அன்றைக்குப் பார்த்து பஸ் வழியில் நின்றுவிட்டது. ஒரு மணி, இரண்டு மணி. பிள்ளைகள் பந்தியில் உட்கார்ந்திருக்க, நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சமையல்கார மாரப்பன் என்னைக் கேட்கவே இல்லை. சோற்றுக் குண்டாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். "பஸ்ஸு வாரப்ப வரட்டுங்க. பசி வந்து ரெண்டு மணி நேரமாச்சுங்க."

வெற்றுக் காலண்டர்

ஆனி மாதம் காலண்டரில் ஒரு பெயர்கூட இல்லை. உக்கடத்தில் தெருத் தெருவாகக் கேட்டேன். "ஆடி அமாவாசைக்குப் பாத்துக்கலாமுங்க" என்று காபி கொடுத்து அனுப்பினார்கள். கையிருப்பு அரிசி இரண்டு நாளைக்குத்தான் காணும். ஆடி வரும்வரை விடுதியைப் பூட்டிவிடலாம் என்றார் எங்கள் விடுதிக் கமிட்டித் தலைவர். ஊடு இருக்கிறவன் போவான். ஊடே இல்லாத பதினோரு பேரை எங்கே அனுப்புவது? எனக்கு ஆத்திரமும் அழுகையுமாக வந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. மில்லில் ஷிப்ட் முடித்த ஓர் அம்மணி, தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்க, தலையில் மூட்டையோடு வந்து நின்றார். அவர் குடியிருந்த லைன் வீடுகளில் உலை வைக்கும்போதெல்லாம் ஆளுக்கொரு பிடி எடுத்துவைத்த அரிசியாம். நான் இருந்த எரிச்சலில், "அமாவாசை போயிருச்சேம்மா" என்றேன்.

அவர் மூட்டையை இறக்கி வைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாள் கெழமையெல்லாம் நமக்கு வேண்டாமுங்க. பத்து ஊட்டு அரிசி, கலந்துதான் கெடக்கும். ஆரும் கேக்காத நாள் ஏதாச்சும் இருந்தா அன்னைக்குப் போடுங்க. அடுத்த வாரமும் கொண்டாரோமுங்க."

விடுதியைப் பூட்டவில்லை.

அமாவாசைக்குச் சோறு போட்டவர்களின் பெயரெல்லாம் விடுதிச் சுவரில் கல்வெட்டாக இருக்கிறது. மற்ற முந்நூறு சொச்சம் நாளும் பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்கள் என்று அந்தச் சுவரைக் கேட்டுப் பிரயோசனமில்லை.