முத்திரை இல்லாத கடிதம்

கொரோனாக் காலத்தில், பேர்லினில் ஒரு குழந்தைகள் வைத்தியரின் காத்திருப்பறையில் ஒரு தமிழ்த் தாயைச் சந்தித்தேன். மாஸ்க்குக்கு மேலே தூக்கம் காணாத கண்கள். மடியில் கடிதங்கள் நிறைந்த தடித்த கோப்பு. பக்கத்தில் மகள் பின்னக் கணக்குச் செய்துகொண்டிருந்தாள். வரவேற்பில் வாங்கிய கடிதத்தின் முத்திரையை, மை காய்ந்த பிறகும் ஊதிக்கொண்டே இருந்தார்.

“ஏன் அக்கா இவ்வளவு கடிதம்?”

“கிழமையில ரெண்டு நாள்தான் பள்ளிக்கூடம். மற்ற நாள் வீட்டில நான் படிப்பிக்கிறன். பள்ளிக்கூட நாளில ஒருக்கா கண் வைத்தியர் நேரம் குறிச்சுத் தந்த டெர்மின் வந்திட்டுது. ரீச்சர் வைத்தியரின்ர கடிதம் கேட்டவ, குடுத்தன். முத்திரை இல்லையெண்டு திருப்பி அனுப்பினவ.”

“பிறகு?”

“கணினியில வகுப்பெடுக்கிறன் எண்டு சொல்லிப்போட்டு அவ ரெண்டு நாள் வரேல்லை. நானும் கடிதம் கேட்டன்.”

“தந்தவவோ?”

“மூண்டு தரம் எழுதிக் கேட்டாப் பிறகு தந்தவ. முத்திரை இல்லை. திருப்பி அனுப்பிப்போட்டன்.”

அவர் சிரிக்கவில்லை. மகளின் கணக்கில் ஒரு பிழையைத் திருத்திவிட்டு மறுபடியும் ஊதினார்.

பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். என் மகனின் பள்ளி வேறு; வயிற்றெரிச்சல் ஒன்றுதான். அன்று வீட்டுக்கு வந்ததும், மகனின் பள்ளியிலிருந்து எனக்கு வந்த கடிதங்களையெல்லாம் மேசையில் பரப்பி, முத்திரை இல்லாதவற்றைத் தனியே அடுக்கினேன்.