பை இல்லாத சுடிதார்

ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் முடித்துவிட்டு, சிவகாசிப் பக்கம் ஒரு நகராட்சியின் தெருவிளக்குப் பிரிவில் அப்ரண்டிஸாக இருக்கிறேன். கம்பத்தில் ஆள் ஏறும்முன், கரண்ட் நிற்க, தெருமுனைப் பெட்டியில் பீஸ் கட்டையைப் பிடுங்க வேண்டும். வேறு யாரும் மாட்டிவிடாதபடி, பிடுங்கியவர் அதைத் தன் பையிலேயே வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம்.

அன்று பிடுங்கியது நான். சுடிதாரில் பை கிடையாது. கட்டையைப் பெட்டி மேலேயே வைத்துவிட்டு ஏணியைப் பிடிக்கப் போனேன். மேலே வயர்மேன் மாரியண்ணன் வெறுங்கையால் வயரை முறுக்கிக்கொண்டிருந்தார். தற்செயலாகத் திரும்பினால், எதிர் அச்சகத்து அண்ணாச்சி கட்டையும் கையுமாகப் பெட்டி முன் நிற்கிறார்.

"போடாதீக அண்ணாச்சி, மேல ஆள் இருக்கு" என்று கத்தினேன்.

அவர் கை அப்படியே நின்றது. "காலண்டர் சீசன்ல மிஷின் நின்னுபோச்சும்மா. கட்டை கழண்டு கெடக்கேன்னு மாட்ட வந்தேன்" என்றார். அது தெருவிளக்குக்கு மட்டுமான பெட்டி; அவர் மிஷின் நின்றதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கோபம் வந்தது. ஆனால் கட்டையை அவர் கைக்கு எட்டவைத்தது நான்தானே.

இறங்கிவந்த மாரியண்ணன் கட்டையை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு மறுபடி ஏணியில் ஏறினார்.

மறுநாளே சுடிதார்களை எல்லாம் தையல்கடைக்குக் கொண்டுபோனேன்.

"பை வச்சா மாடல் கெட்டுரும்மா" என்றார் தையல்காரர்.

"கெட்டா கெடட்டும். கட்டை உள்ள போற மாதிரி பெருசா வைங்க" என்றேன்.