ஒற்றை ஊர் ராஜா

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயரலாம் என்று படுத்தேன். மகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் ஒரு ஆறு, கொஞ்சம் காடு, நடுவில் புதிதாய் முளைத்த ஒரே ஒரு ஊர். “அப்பா, முதல்ல என்ன செய்யச் சொல்லணும்? காவல்காரனா, தானியக் களஞ்சியமா, வேற ஊர் போட ஆளுங்களா?” என்றாள். அவளுக்கு அது விளையாட்டு. எனக்கு சட்டென்று மூக்கில் சாக்ஸ் வாசனை அடித்தது. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் நான் ஆவடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். பாடம் எடுத்தேன் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, மாணவர்களைவிட நாலு பக்கம் முன்னால் படித்திருப்பேன், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு போக முடியாது. தூசி பட்டால் மெஷின் படுத்துவிடும் என்று ஒரு பயம். கோயிலுக்குப் போவது போல வாசலில் கழற்றிவிட்டுப் போகவேண்டும். உள்ளே ஏசி, ஜன்னலுக்குக் கனத்த திரை, ஒரு வகுப்புப் பிள்ளைகளின் காலுறை. அதற்கு மேல் முதலாளி அடிக்கிற மல்லிகை ஸ்ப்ரே வேறு. இரண்டும் கலந்த அந்த வாசனைக்கு இன்னும் எனக்குப் பெயர் கிடைக்கவில்லை.

என்னோடு பாடம் எடுத்தவன் தேவா, பாரிவாக்கத்துக்காரன். அவன் அப்பாவும் அம்மாவும் ஒரு காலத்தில் அங்கே அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். பிறகு அப்பா அம்பத்தூர் எஸ்டேட் ஃபேக்டரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, கையில் கொஞ்சம் சேர்ந்ததும் முதல் காரியமாகத் துண்டு நிலம் ஒன்றை வாங்கி அதில் ஓலைக் குடிசை போட்டுவிட்டார். தேவாதான் எங்கிருந்தோ இப்போது மகள் ஆடுகிற இதே விளையாட்டின் பழைய வடிவத்தை ஃப்ளாப்பியில் கொண்டுவந்தான். ஞாயிறு மதியம் முதலாளி வீட்டுக்குச் சாப்பிடப் போவார். சாப்பாட்டோடு அவருக்கு ஒரு தூக்கமும் உண்டு. அவர் திரும்பி வரும்வரை உலகம் எங்கள் இருவருடையது.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆட்டம் தொடங்கும்போது உங்களுக்கு ஒரு ஊர்தான். அந்த ஊர் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும். கோயில் கட்டச் சொன்னால் கோயில், வீரனைக் கேட்டால் வீரன். புது ஊர் போட ஆட்களை அனுப்பச் சொன்னால் அதுவும் செய்யும், ஆனால் இருக்கிற ஊரில் ஜனம் குறைந்துவிடும். அங்கேதான் எனக்கு மனசு வராது. கஷ்டப்பட்டு வளர்த்த ஊர் கண்ணெதிரே இளைப்பதா? முதலில் களஞ்சியம், பிறகு கோயில், சந்தை, சுற்றி மதில் என்று கட்டிக்கொண்டே இருப்பேன். ஆற்று முகத்துவாரத்தில் ஒரு நல்ல இடத்தைப் பார்த்து வைத்திருப்பேன். இதோ இந்த நூலகம் முடியட்டும், ஆள் அனுப்பலாம் என்று நினைப்பேன். நூலகம் முடியும்போது அங்கே கம்ப்யூட்டர் ஆடுகிற வேறு ஏதோ ராஜ்ஜியத்தின் நீலக் கொடி பறக்கும்.

“இன்னாடா மச்சான், ஒரே ஊர வச்சிகினு பொட்டு வச்சி பூ வச்சி பாத்துகினு கீற?” என்பான் தேவா. அவன் ஆட்டம் நேர் எதிர். கோயிலாவது மதிலாவது, ஆளை அனுப்பு, இடத்தைப் பிடி. வரைபடம் முழுக்க அவன் ஊர்தான், காவலுக்கு ஒரு ஊரிலும் ஒருத்தன் இருக்கமாட்டான். கடல் வழியாகக் கொள்ளைக்காரர்கள் வந்து வரிசையாக அள்ளிக்கொண்டு போவார்கள். ஆக இரண்டு பேருமே உருப்பட்டதில்லை.

என்னுடைய இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று தேடப் போனால் எங்கள் குவார்ட்டர்ஸில்தான் போய் முடியும். அப்பா தென்காசிப் பக்கமிருந்து ராணுவத் தளவாட ஃபேக்டரி வேலைக்கு வந்தவர். குவார்ட்டர்ஸ்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வீடு அரசாங்கத்துடையது, ரிட்டயர் ஆனால் விட்டுவிட்டுப் போகவேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே அந்த வீட்டுக்குச் சொந்தக் காசைப் போட்டு இழைப்பார்கள். அப்பா முன்பக்கம் கிரில் போட்டார், பின்பக்கம் கொட்டகை இறக்கினார், முருங்கை, கொய்யா, செம்பருத்தி என்று வைத்தார். எதிர் வீட்டுக்காரர் கிரில்லுக்குப் பச்சை பெயின்ட் அடித்தால் எங்கள் கிரில்லுக்கும் அந்த மாதமே பெயின்ட்.

ரிட்டயர்மென்ட் பக்கத்தில் வந்துவிட்டிருந்தது. ஊரில் எங்களுக்கென்று ஒரு சுவர்கூட மிச்சமில்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு எங்கே போவது என்று அம்மா தினமும் கேட்பாள். “பட்டாபிராம்ல மனை போடுதாங்களாம், ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரலாம்லா?” என்பாள். “பாத்துக்கிடலாம்” என்று சொல்லிவிட்டு அப்பா செம்பருத்திக்குத் தண்ணீர் விடப் போய்விடுவார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வரும். அந்தக் கோபத்தோடு சைக்கிளை மிதித்து சென்டருக்குப் போய், அங்கே உட்கார்ந்து அவர் செய்வதையே நானும் செய்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டைப் பூட்டிக்கொண்டு மாங்காடு கோயிலுக்குப் போயிருந்தாள். சாவியைப் போகிற வழியில் என்னிடம் கொடுத்திருந்தாள். அதை வாங்க அப்பா சென்டருக்கே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, ஆஸ்பத்திரிக்குள் வருவது போல மெல்ல உள்ளே வந்து என் பின்னால் நின்றார்.

“இதுல உன் ஊரு எதுல?”

காட்டினேன்.

“ஒண்ணுதானா?”

“ஒண்ணுதான்ப்பா. ஆனா எல்லாம் இருக்கு. கோயில், சந்தை, மதில்...”

அப்பா குனிந்து பார்த்தார். முகத்தில் ஒரு திருப்தி. “நல்லாத்தான வச்சிருக்க” என்றார். என் விளையாட்டை அவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

தேவாவுக்குப் பொறுக்கவில்லை. “நல்லாத்தான் கீது நைனா. நாளைக்கு இந்த ஊரு கையவிட்டுப் போச்சினா இன்னா பண்ணுவான்? போய் குந்தறதுக்கு ஒரு எடம் வச்சிகினு கீறானா?”

அப்பா நிமிர்ந்தார். சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் முறைத்த முறைப்பில்தான் தேவாவுக்கு உறைத்தது. “அய்யய்யோ, நான் கேமத்தான்டா சொன்னேன்! உங்க நைனா ரிட்டையர் ஆவற மேட்டரே எனக்கு ஞாபகம் இல்லடா மாமே” என்று தலையில் கை வைத்துக்கொண்டான்.

இரண்டு நாள் அப்பா யாரோடும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் என்னைப் பார்க்காமலேயே கேட்டார்: “அந்தப் பய வீடு பாரிவாக்கத்துல எங்கல இருக்கு?” அம்மா கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

தேவாதான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். ஏரிப் பக்கம் இருந்த நல்ல மனைகளையெல்லாம் அதற்குள் யார் யாரோ வாங்கி முடித்துவிட்டிருந்தார்கள். நீலக் கொடிதான், வேறென்ன! இரண்டு தெரு உள்ளே தள்ளி எங்களுக்கு ஒன்று கிடைத்தது. அதில் வீடு கட்டி, பூச்சு முடிவதற்குள் குடிபோனோம். முதல் ராத்திரி வீட்டில் விளக்கைக்கூட அணைக்காமல் அம்மா சுவரைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேவாவை நான் அன்று நினைத்த மாதிரி வேறு யாரையும் நன்றியோடு நினைத்ததில்லை.

ஆனால் அந்த வீட்டின் பின்பக்க மண்ணில் அப்பா ஒரு செடிகூட வைக்கவில்லை. “ஒரு முருங்கைக் கொம்பாவது ஊனலாம்லப்பா” என்றால் சிரிப்பார். “இது நம்ம இடம்லால. எங்க ஓடிரப் போகுது? மெதுவா வைக்கலாம்” என்பார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தெருவைப் பார்ப்பார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு அவசரமே இல்லாமல் போனது. அப்படி நிம்மதியாக அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இன்று அந்த சென்டர் இல்லை, அந்த மாடியில் ஒரு பியூட்டி பார்லர் இருக்கிறது. பாரிவாக்கத்தில் வயல் என்று காட்ட ஒன்றும் இல்லை. தேவா எந்த நாட்டிலோ இருக்கிறான், பொங்கலுக்கு ஒரு போன் வரும். குவார்ட்டர்ஸ்காரர்கள் ஆளுக்கு ஒரு திசையில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் எல்லோரையும் ஒன்றாக நான் கடைசியாகப் பார்த்தது அப்பாவின் சாவுக்கு. உள்ளே இடம் போதாமல் பின்பக்க மண்ணில்தான் நாற்காலி போட்டோம். பழைய எதிர் வீட்டுக்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “என்னப்பா இது, உங்கப்பா வீட்டுல ஒரு செடியக் காணோம்?” என்றார். எனக்குக் காரணம் தெரியும். சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.