உப்புத் தண்ணீரில் குளித்த பிக்அப்

மாடு வாங்கப் போனால் சுழி பார்ப்பார்கள், பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். பழைய வண்டி வாங்கப் போனால் எதைப் பார்ப்பது என்று எங்கள் ஊரில் ஆளுக்கொரு பாடம் வைத்திருக்கிறார்கள். புகையைப் பார் என்றார் ஒருவர். டயர் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது பார் என்றார் இன்னொருவர். விற்கிறவன் மூஞ்சியைப் பார், அது போதும் என்றார் டீக்கடைக்காரர். எல்லாவற்றையும் கேட்டு வைத்துக்கொண்டேன். எனக்குச் சின்ன வயசிலிருந்தே இந்த வியாதி உண்டு. ஒரு பொருளைக் கண்டால் அதன் அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்க்காமல் இருக்க முடியாது. கல்யாணமான புதிதில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியைக் கழற்றிப் பரப்பிவிட்டு மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான்.

சோரியாங்குப்பத்தில் ஆற்றோரம் எங்களுக்கு வாழைத் தோட்டம். பழத்தைவிட இலைதான் சோறு போடுகிறது. விடியற்காலையில் அறுத்து, கட்டு கட்டி, வெயில் ஏறுவதற்குள் கல்யாண மண்டபங்களுக்கும் ஓட்டல்களுக்கும் கொண்டுபோய்ப் போட வேண்டும். பாதி இலை பாண்டிக்கு, பாதி கடலூருக்கு. என் வீட்டுக்காரர்தான் வருஷக்கணக்காக ஓட்டிக்கொண்டிருந்தார். சர்க்கரை அவருடைய வலது கண்ணைத் தின்றுவிட்டது. இடது கண்ணும் மங்கல். இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருந்த வண்டியை விற்று வைத்தியம் பார்த்தோம். வாடகை வண்டிக்காரர்களோ முகூர்த்த நாளாகப் பார்த்துப் போனை எடுக்கமாட்டார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு நானே போய் டிரைவிங் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கினேன்.

அதற்கப்புறம் ஒரு வண்டி பார்ப்பதுதான் பாக்கி. ஆனால் எனக்குள் ஒரு பயம் இருந்தது. டாக்டர் சொன்னது இவர் காதில் ஏறவே இல்லை. பக்கத்து வீட்டு வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துகிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டு பாகூர் கடைத்தெரு வரைக்கும் போய்விட்டு வந்தார். இன்னொரு தடவை வாய்க்கால் மதகில் இடித்துவிட்டு, மதகுதான் குறுக்கே வந்தது என்கிற மாதிரி பேசினார். இடித்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை சைக்கிளோடு நின்றிருந்தது. அதை அவர் பார்க்கவே இல்லை. வண்டி இல்லாவிட்டால் தொழில் போய்விடும். வண்டி வந்து வாசலில் நின்றால் இந்த மனுஷனை எப்படிக் கட்டிப்போடுவது? நான் தூங்காமல் யோசித்ததெல்லாம் இதைத்தான்.

மணப்பட்டில் ஒரு மீன் வியாபாரி பிக்அப்பை விற்கிறார் என்று தகவல் வந்தது. பாண்டி நம்பர், ஒரே கை ஓட்டியது. பார்த்து வர என் வீட்டுக்காரர், அவருடைய அண்ணன், பாகூர் மெக்கானிக் மூன்று பேரும் ஆட்டோ பிடித்துக் கிளம்பினார்கள். என் மூத்தார் வண்டி ஓட்டுவதை விட்டு எத்தனையோ காலமாகிறது, ஆனால் வண்டியைப் பற்றிப் பேசுவதை விடவில்லை. என்னை யாரும் கூப்பிடவில்லை. தெருமுனை வரை போனவர்கள் திரும்பி வந்தார்கள். மூன்று பேராகப் போனால் காரியம் கூடாதாம்.

"நீயும் ஏறிக்கம்மா, நாலு பேரா ஆயிடும்" என்றார் மூத்தார்.

வண்டியை ஓட்டப்போகிறவள் நான். என்னை அழைத்துப் போனது கணக்குக்கு. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் வண்டியைப் பார்க்கிற ஆசை கோபத்தைவிடப் பெரிதாக இருந்ததால் வாயை மூடிக்கொண்டு ஏறிவிட்டேன்.

சொல்லாமல் கொள்ளாமல் விடியற்காலையில் போய் நிற்க வேண்டும் என்பது மெக்கானிக்கின் பாடம். முன்னாடியே சொன்னால் விற்கிறவர் வண்டியை நன்றாகச் சூடாக்கி வைத்துவிடுவார். சூடான இன்ஜின் எல்லாமே இனிக்க இனிக்கப் பேசும். குளிர்ந்த இன்ஜின்தான் உண்மையைச் சொல்லும். போனதும் மெக்கானிக் யாரையும் விசாரிக்காமல் பானெட்டைத் தொட்டார். சுட்டது. மூத்தார் எங்களைப் பார்த்து ஒரு மாதிரி தலையை ஆட்டினார். அதற்குள் வியாபாரி வாயில் பிரஷ்ஷோடு வெளியே வந்தார். நல்ல உயரம், வாசல்படியில் குனிந்துதான் வந்தார். கடலூர் துறைமுகத்துக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தேன், ஆறட்டும், அப்புறம் பாருங்கள், நான் எங்கேயும் ஓடிப்போகமாட்டேன் என்றார். டீக்கடைக்காரரின் பாடத்தை வைத்துப் பார்த்தால் அந்த மூஞ்சி தேறிவிடும் என்று எனக்குப் பட்டது.

இன்ஜின் ஆறுகிற நேரம் எனக்கு நல்லதாய்ப் போயிற்று. ஆண்கள் மூவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து காகிதங்களைப் பார்த்தார்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி. எது வரைக்கும் இருக்கிறது, பைனான்ஸ் கடன் தீர்ந்ததற்குச் சீட்டு இருக்கிறதா. மெக்கானிக் சேசிஸ் நம்பரின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து நகல் எடுத்து ஆர்.சி.யோடு ஒத்துப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நான் வண்டியைச் சுற்றி வந்தேன். வீட்டில் உடைந்துபோன ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம் ஒன்று என்னிடம் இருந்தது. கதவில் வைத்தால் ஒட்டியது. பின் சக்கரத்துக்கு மேலே வைத்தால் வழுக்கி விழுந்தது. உள்ளே தகடு போய், பட்டி பூசிப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்களே என்று நினைத்தேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு சாக்கை விரித்துப் போட்டு, போன் வெளிச்சத்தில் அடியில் புகுந்து பார்த்தேன்.

வண்டியின் அடிப்பாகம் அதன் வரலாறு. மேலே எதை வேண்டுமானாலும் பூசலாம், அடியில் யார் பூசுவது? இன்ஜின் பக்கம் எண்ணெய்க் கசிவு இல்லை. முன்பக்கம் சுத்தம். பின்பக்கம், சரக்கு ஏற்றும் தட்டுக்குக் கீழே, துரு தேன்கூடு மாதிரி பொரிந்திருந்தது. ஐஸ் உருகிய தண்ணீர் வடிய ஓட்டை போட்டிருக்கிறார்கள். மீன் தண்ணீர் விழுந்த இடம் துருப்பிடிப்பது எனக்குப் புரிந்தது. ஆனால் அந்த ஓட்டைகளுக்குச் சம்பந்தமே இல்லாத இடங்களிலும், படிக்கட்டின் அடியிலும், கதவுக் கீல்களிலும் துரு. அங்கே மீன் தண்ணீர் எப்படிப் போனது? அதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

வெளியே வந்தபோது கையெல்லாம் கறுப்பு. வியாபாரியின் சம்சாரம் குழாயடிக்குக் கூட்டிப்போய்ச் சோப்பு கொடுத்தார். எவ்வளவு தேய்த்தும் நுரையே வரவில்லை. கையில் தண்ணீரைப் பிடித்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். உவர்ப்பு. வண்டியை எதில் கழுவுவீர்கள் என்று கேட்டேன்.

"இந்த போர் தண்ணிதான். மீன் எறக்கிட்டு வந்தா ஒரு நாளு வுடமாட்டாரு. அடி மேல்னு பைப்பு புடிச்சி அடிச்சிட்டுதான் சோறே துன்னுவாரு" என்றார் பெருமையாக.

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. உப்பு போக வேண்டுமென்று தினமும் உப்புத் தண்ணீரில் குளிப்பாட்டியிருக்கிறார்கள். பிள்ளையைப் போல் பார்த்துக்கொண்ட வண்டி. அசிரத்தையாக விட்டிருந்தால்கூட இவ்வளவு துரு ஏறியிருக்காது. வியாபாரியிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. குழாயடிக்குப் போய்த் தண்ணீரை நக்கிப் பார்த்துவிட்டு வந்தார். பிறந்ததிலிருந்து குடித்த தண்ணீர், அவருக்கு அது உப்பாகவே தெரியவில்லை.

மெக்கானிக் ஒரு சின்னச் சுத்தியலால் அடியில் தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், உளுத்தது பொத்தென்று கேட்கும். இரண்டு நீளச் சட்டமும் கணீரென்றுதான் இருந்தன. குறுக்குச் சட்டம் ஒன்று உளுத்திருந்தது, அதை வெட்டிவிட்டு வேறு வைக்கலாம் என்றார். இன்ஜின் ஆறியதும் சாவியைப் போட்டார்கள். ஒரே திருப்பில் எடுத்தது. கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து அடங்கியது. ஆயில் மூடியைத் திறந்து, அதிலிருந்து அடிக்கிற காற்றில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, இன்ஜினில் குறையில்லை என்றார் மெக்கானிக்.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். வியாபாரி ஓட்டினார், பிறகு மெக்கானிக், பிறகு மூத்தார். நானும் என் வீட்டுக்காரரும் பின்னால் தட்டில் நின்றுகொண்டு போனோம். கியர் மாறும்போதெல்லாம் அவருடைய இடது கால் தானாகத் தகரத்தை மிதித்தது. அவருக்கே தெரியாமல் மிதித்துக்கொண்டிருந்தார். நான் பார்க்காத மாதிரி கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திரும்பி வந்து விலை பேச உட்காரப் போனார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாரும் ஓட்டிப் பார்த்தாயிற்று, ஓட்டப்போகிறவள் ஓட்டிப் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். வியாபாரி என் வீட்டுக்காரரைப் பார்த்தார், பிறகு மூத்தாரைப் பார்த்தார், கடைசியில் சாவியை என்னிடம் கொடுத்தார்.

ஏறி உட்கார்ந்தேன். கிளட்ச் எட்டவில்லை. நுனிக்கு வந்து உட்கார்ந்து காலை நீட்டினால் கட்டைவிரல்தான் பட்டது. சீட்டை முன்னால் இழுக்கிற கம்பியைத் தூக்கினேன், அசையவில்லை. மெக்கானிக் எண்ணெய் அடித்து, தட்டி, இரண்டு பேராகச் சேர்ந்து தள்ளியும் பார்த்தார்கள். ம்ஹூம். வண்டியைக் கழுவிவிட்டு ஈரக் காலோடு ஏறும்போதெல்லாம் உப்புத் தண்ணீர் உள்ளே சொட்டி, சீட்டின் தண்டவாளம் அந்த நெட்டை மனுஷனின் அளவிலேயே இறுகிப் போயிருந்தது. இத்தனை பேர் இத்தனை நேரம் பார்த்தோம். அதை மட்டும் யாரும் தொட்டுப் பார்க்கவில்லை, ஏனென்றால் ஏறிய மூன்று ஆண்களுக்கும் அது சரியாக இருந்தது.

மூத்தார் பெருமூச்சு விட்டார். அதுக்குதான் சொல்றேன், வண்டிய வாங்கிட்டு ஒரு டிரைவரைப் போட்டுக்கலாம் என்றார். அவசரம்னா தம்பியும் எடுத்துக்குவான், கண்ணு ஒண்ணும் அவ்ளோ மோசமில்ல என்றும் சொன்னார். நான் எதற்குப் பயந்தேனோ அது அவர் வாயாலேயே வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் டிரைவர் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் எனக்காகப் பேசினார். சீட்டைக் கழற்றிவிட்டுப் புதுத் தண்டவாளம் போட்டுவிடலாம் யக்கா, அவரவர் அளவுக்கு முன்னே பின்னே நகர்த்திக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்றார். நான் சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"வாணாம்" என்றார் என் வீட்டுக்காரர். "தண்டவாளம்லாம் வாணாம்பா. சீட்ட முன்னால தள்ளி, இவ கால் அளவுக்கு வச்சி, வெல்டு அடிச்சிடு."

அப்படி அடித்தால் வேறு யாரும் உட்கார முடியாதே அண்ணே என்றார் மெக்கானிக்.

"அதான் வேணும். நகர்ற மாதிரி இருந்தா நானே நகத்திக்குவேன். என்னப் பத்தி எனக்குத் தெரியாதா?"

இத்தனை நாள் இந்த மனுஷனை எப்படிக் கட்டிப்போடுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவரே கயிற்றை எடுத்துக் கொடுத்துவிட்டார். சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு வந்தது அழுகை.

துருவுக்கும் சீட்டுக்கும் சேர்த்து விலையைக் குறைத்துக்கொண்டார் வியாபாரி. குறுக்குச் சட்டம் மாற்றி, அடியெல்லாம் சுரண்டிப் பெயின்ட் அடித்து, சீட்டை என் அளவுக்கு வெல்டு வைத்து வண்டி வீட்டுக்கு வந்தது. எலுமிச்சம்பழத்தின்மேல் ஏற்றி இறக்கியது நான்தான்.

முதல் முகூர்த்த நாளன்று இலைக்கட்டுகளை ஏற்றி, ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிட்டு நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். வெல்டு வைக்கச் சொன்ன மனுஷன்தான், பழக்கத்தில் போய் வலது பக்கக் கதவைத் திறந்தார். ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்து, உடம்பைக் குறுக்கிக்கொண்டு நுழையப் பார்த்தார். முழங்கால் இடித்தது. ஸ்டியரிங் வயிற்றை அழுத்தியது. கொஞ்ச நேரம் அப்படியே பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக இருந்தார். நான் குழாயை மூடாமல், இன்னும் கை கழுவுகிற மாதிரி நின்றேன்.

பிறகு இறங்கினார். கதவைச் சாத்தாமல் எனக்காகத் திறந்தே விட்டுவிட்டு, பானெட்டில் கையை வைத்துத் தடவிக்கொண்டே சுற்றிப் போய், அந்தப் பக்கம் ஏறி உட்கார்ந்தார். நான் வந்து ஏறினேன். அவர் எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கிளட்ச்ச முழுசா மிதிமே. லோடு இருக்குது."

முழுசாக மிதித்தேன்.