பாயிடம் தோற்றவன்

ஐம்பத்து நாலு வயதில், வாயை மூடிக்கொண்டிருந்து பொய் சொல்லி, ஒரு கோரைப்பாயிடம் தோற்றவன் நான்.

நான் குடியேறியிருக்கும் அஜின்கோர்ட்டில், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கென்டோ என்ற ஜப்பானிய வாள்சண்டை பழகுகிறேன். மூங்கில் வாளால் எதிராளியின் தலைக்கவசத்தில் அடிக்க வேண்டும். அடிக்கும்போது கத்தவும் வேண்டும். கத்தாவிட்டால் அடி செல்லாது. நான் சேர்ந்ததே அதற்காகத்தான். மனைவி போனபிறகு என் அப்பார்ட்மெண்டில் ரைஸ் குக்கர் மட்டும்தான் சத்தம் போடுகிறது. ஊரில் ஒருவன் கத்தினால் அயல் முழுக்க வேலியால் எட்டிப் பார்க்கும். இங்கே பொலிஸைக் கூப்பிடுவார்கள்.

ஒருநாள் எங்கள் ஆசிரியர் கென்னிடம், நவராத்திரி முடிவில் எங்கள் கோயில் குருக்கள் வாளெடுத்து வாழை வெட்டுவதைப் பற்றிச் சொன்னேன். என் ஆங்கிலத்தில் குருக்கள் எங்கேயோ காணாமல் போய்விட்டார். "நீங்கள் எத்தனை வருசம் வெட்டினீங்கள்?" என்று கென் மரியாதையோடு கேட்டார். கூட்டத்தில் நின்று பார்த்தவன் என்று சொல்லியிருக்கலாம். சிரித்துவைத்தேன்.

அதனால், உண்மையான வாளால் வெட்டிப் பார்க்கும் நாளில் முதல் ஆள் நான். பிக்கரிங்கில் இருக்கும் மகள் நிலாவையும் கூப்பிட்டேன். தாயின் செத்தவீட்டுக்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒன்றாக இருந்து ஒரு தேத்தண்ணி குடித்ததில்லை. அன்றைக்காவது வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று பால் வாங்கி வைத்திருந்தேன்.

சுருட்டி, தண்ணீரில் ஊறவைத்த பாயை ஒரு முளையில் செருகி நிறுத்தியிருந்தார்கள். வாழைக்குற்றி போலவே நின்றது. மண்டபம் அதிரக் கத்தி, ஓங்கி அடித்தேன். தலைக்கவசத்தில் பட்டதும் நின்று பழகிய கைகள், பாயில் பட்டதும் நின்றுவிட்டன. வாள் பாதியில் சிக்கியது. இழுத்தேன். பாயும் முளையும் சேர்ந்து வந்தன.

"நீங்கள் அடிக்கிறீங்கள்," என்றார் கென். "மூங்கிலுக்கு அது போதும். வாள் பட்ட பிறகுதான் வேலையே தொடங்குது. நிப்பாட்டாமல் மற்றப் பக்கம் வரைக்கும் இழுக்கவேணும்."

அவர் சத்தமே போடாமல் வெட்டினார். மேல்துண்டு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சறுக்கி விழுந்தது.

நிலா என்னைக் கொண்டுவந்து வீட்டுவாசலில் காரை நிறுத்தினாள். "அந்தப் பாய் கொம்மா மாதிரி, பிடிச்சால் விடாது," என்றேன். அவள் சிரிக்கவில்லை. மேலே வா என்று கேட்க வாயெடுத்தேன். "சரி பிள்ளை, பாத்துப் போ" என்றுதான் வந்தது. கார்க் கதவைத் திறந்தேன்.

"ஃபோனிலயும் உப்பிடித்தான் அப்பா," என்றாள். "பெரிய சத்தமா ஒரு ஜோக், பிறகு டக்கெண்டு கட் பண்ணிடுவீங்கள். அம்மாவைப் பற்றி நீங்கள் என்னோட ஒருநாளும் கதைக்கேல்லை."