அக்கா தூங்கிய பாடம்

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இன்றைக்குப் பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் என் கடை எதுவென்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வழி சொல்லும். கூடையின் மேல்பக்கத்தைப் பார்த்தே அடியில் பழம் நசுங்கியிருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். கொட்டிப் பார்த்தவர்கள் யாரும் இதுவரை என்னைத் தப்பென்று சொன்னதில்லை. யாரும் கைதூக்கி விடவில்லை, நானாக ஏறினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இனிமேல் சொல்லப்போவதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். குழந்தைக்கு இருபது நாள் ஆகிறது. மகள் ஏதோ அரசாங்கப் பரீட்சைக்குப் படிக்கிறாள், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, ஒரு கையில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு. நேற்று மத்தியானம் திடீரென்று நிமிர்ந்து, "அப்பா, இந்தப் பக்கத்த நான் படிச்சிட்டனா, தூங்கிட்டனா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது அக்கா தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்போது நாங்கள் பாப்பாரப்பட்டிப் பக்கம் இருந்தோம். எஸ்.எஸ்.எல்.சி.யில் அக்காவுக்குச் சரித்திரப் பரீட்சை மட்டும் போயிருந்தது. அதையும் எழுதித் தேறினால் பால்வாடி டீச்சர் வேலைக்கு மனுப் போடலாம். அக்கா வீட்டுக்காரர், "இந்த ஒரு தடவ எழுதிப் பாரு. வரலன்னா அதோட வுட்டுரணும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். குழந்தை பிறந்த முப்பத்தெட்டாம் நாள் பரீட்சை வந்தது.

மாப்பிள்ளை சொல்லுக்கு அம்மா குறுக்கே நிற்கவில்லை. "பரீட்சைக்குப் போ, நான் வேண்டாங்கல. ஆனா நாப்பது நாளைக்குப் பொஸ்தகத்தக் கண்ணால பாக்கக் கூடாது. பச்ச ஒடம்பு, பார்வ போயிரும்" என்றாள். இந்த இரண்டும் ஒரே வீட்டில் எப்படிச் சேர்ந்து இருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை.

அக்கா யோசித்தாள். கண்ணால்தானே பார்க்கக் கூடாது. என்னைக் கூப்பிட்டாள்.

"சாமி, நீ வாசி. நான் கேட்டுக்கறேன்."

"எனக்கு என்ன குடுப்ப?"

"என் லேகியத்துல பாதி."

பிரசவ லேகியத்தில் கருப்பட்டி தாராளமாகப் போட்டிருந்தார்கள். உடனே ஒத்துக்கொண்டேன். இந்த வயதிலும் தக்காளிக் கூடையை ஒரே மூச்சில் தூக்குகிறேன் என்றால் பிள்ளை பெற்றவளுக்குக் கிண்டிய அந்த மருந்தும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாசிப்பு ஆரம்பமாகும். குளிர் ஏறாமலிருக்க அக்காவின் காதுகளில் பஞ்சு அடைத்திருக்கும். என் பக்கத்துக் காதில் மட்டும் பஞ்சை எடுத்துவிட்டு, குழந்தைக்குப் பால் கொடுத்தபடி கண்ணை மூடிக்கொள்வாள். அம்மா வரும் சத்தம் கேட்டால் பஞ்சு மறுபடி உள்ளே போய்விடும். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. நான் என் பாடத்தைப் படிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, "எங்கூட்டுப் பையன் படிக்கற சத்தத்துலயே கொழந்த தூங்கிருது" என்று தண்ணீர் எடுக்கப் போன இடத்திலெல்லாம் சொல்லி வந்தாள்.

குழந்தை தூங்கியது உண்மைதான். அசோகர் மரம் நட்ட பாடத்தைத் தட்டுத்தடங்கல் இல்லாமல் வாசிப்பேன். பத்து வரிக்குள் குழந்தை அடங்கிவிடும். வினை பிரெஞ்சுப் புரட்சியில் வந்தது.

"அத எடுடா. அது கண்டிப்பா கேப்பாங்க" என்றாள் அக்கா.

அந்த ஊர்ப் பெயர்களும் ராஜா பெயர்களும் என் வாயில் நுழையவில்லை. நான் திக்கினால் குழந்தை விழித்து அழும். அழுதால் அம்மா வருவாள், ஏச்சு எனக்கு விழும். இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் நாலு வரி வாசிப்பதற்குள் அக்காவின் தலை சுவரில் சாய்ந்துவிட்டது. பக்கங்களைப் பின்னால் புரட்டி, அசோகரையே கொஞ்ச நேரம் வாசித்து, குழந்தையும் தூங்கியதும் புத்தகத்தை மூடினேன். கோலி விளையாடப் பையன்கள் காத்திருந்தார்கள்.

நான் எழுந்த சத்தத்தில் அக்கா திடுக்கிட்டாள். "எங்க வுட்ட?"

"பாடம் முடிஞ்சிருச்சு."

"அதுக்குள்ளயா?"

"நீதான் தூங்கிட்ட."

அக்கா கோபிக்கவில்லை. வெட்கப்பட்டாள். "எழுப்பக் கூடாதா சாமி?" என்றாள். மறுநாள் தொடையைக் கிள்ளிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அன்றும் தூங்கினாள், அன்றும் பாடம் முடிந்துவிட்டது. அதற்கடுத்த இரண்டு பாடங்களும் அப்படியே முடிந்தன. தூங்கினவளால் நான் வாசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. இதை ஒன்பது வயதிலேயே கண்டுபிடித்துவிட்டேன். பின்னால் வியாபாரத்தில் எனக்குக் கைகொடுத்த மூளை அப்போதே வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று ரொம்ப காலம் நினைத்திருந்தேன்.

பரீட்சை அன்றைக்கு அம்மாவும் குழந்தையோடு கூடவே தருமபுரி போனாள். பரீட்சை நடந்த பள்ளிக்கூட வாசலில் புங்க மரத்தடியில் அம்மா குழந்தையை வைத்துக்கொண்டிருக்க, அக்கா உள்ளே எழுதினாள். சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் என்னிடம்தான் முதலில் சொன்னாள். "அந்தப் புரட்சிப் பாடந்தான்டா வந்துச்சு, பெரிய கேள்வியா. நீ அவ்வளவு வாசிச்ச, எனக்கு ஒரு சொல்லுகூட நெனவுக்கு வரல."

தேறவில்லை. கொஞ்சம் மார்க்கில்தான் போயிற்று.

அக்கா இப்போது காரிமங்கலத்தில் இருக்கிறாள். பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். "எனக்குப் படிப்பா ஏறும், தூக்கந்தான் ஏறும்" என்று விசேஷ வீடுகளில் அவளே சொல்லிச் சிரிப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் சிரித்திருக்கிறேன். குழந்தை பெற்றவள் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்க முடியாது என்பதை இந்த இருபது நாளாக மகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இத்தனை வயதுக்கு இது தாமதம்தான்.

அன்றைக்குப் பரீட்சை முடிவு வந்த வாரமே மாமா அக்காவை அழைத்துப்போக வந்தார். புத்தகத்தைப் பார்க்காமல் காதால் கேட்டே படித்ததை அக்கா அவரிடம் சொல்லியிருந்தாள். "யாரு வாசிச்சுக் காட்டுனது?" என்று கேட்டார். நான் கதவு மறைவுக்குப் போனேன்.

"தம்பிதாங்க. அவன் நல்லாத்தான் வாசிச்சான். நாந்தான் தூங்கிட்டேன்" என்றாள் அக்கா.

மாமா என்னை இழுத்து முதுகில் தட்டினார். "பெரிய கிளாஸ் பொஸ்தகத்தையே வாசிக்கறயா? பொழச்சுக்குவடா" என்றார். அந்தச் சொல்லை அன்றைக்கே தெரு முழுக்கக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது அக்கா துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். சரித்திரப் புத்தகம் வெளியே கிடந்தது. "நீயே வெச்சிக்க சாமி, எனக்கு ஆகாது" என்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முதல் பக்கத்தில் அவள் பெயர் அழகாக எழுதியிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பென்சிலை எடுத்து, அதன்மேல் என் பெயரைப் பெரிதாக எழுதினேன்.