எண்ணெய்ச் சாயத்தில் ஐந்து கட்டங்கள்

எங்கள் பள்ளியின் மூன்றாம் வகுப்பு ஆசிரியைக்குக் ‘கட்டம் டீச்சர்’ என்பதே பெயராகிவிட்டது. கரும்பலகையில் ஐந்து கட்டங்கள் வரைவார்: யார், எங்கே, என்ன சிக்கல், என்ன செய்தார்கள், எப்படி முடிந்தது. கதையைப் படித்தபின் பிள்ளைகள் தம் சொற்களால் அவற்றை நிரப்ப வேண்டும். மாலையில் அழித்துவிடுவார், மறுநாள் வேறு கதை. எழுத்துக்கூட்டிப் படித்தும் ஒன்றும் புரியாமல் விழித்த பிள்ளைகள், படித்ததை எடுத்துச் சொல்லத் தொடங்கியதை பக்கத்து வகுப்பில் பாடம் நடத்தும் நானே கேட்டிருக்கிறேன்.

படுத்த படுக்கையான மாமியாரைப் பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு, இரண்டு பேருந்து மாறி வருவார். வீட்டருகே உள்ள பள்ளிக்கு மாற்றல் கேட்டு நடையாய் நடந்துகொண்டிருந்தார். கல்வி அதிகாரி பார்வையிட வருகிறார் என்றதும் தலைமையாசிரியர் அவரை அழைத்தார்.

“அவர் மனசு குளிர்ந்தா உங்க மாற்றல் அன்னைக்கே முடிஞ்சுடும்மா. உங்க கட்டத்தைச் சுவத்துல நிரந்தரமா எழுதிடலாம்.”

“கட்டம் மட்டும் போதும் சார். உள்ள காலியா இருக்கட்டும்.”

“காலியா இருந்தா அவர் எதைப் பாப்பாரு?”

பெயின்டர் வந்தார். ஒரு யானைக் கதையின் விடைகள் கட்டங்களுக்குள் ஏறின. சாய நெடியில் பிள்ளைகள் தலைவலி என்று அழ, தலைமையாசிரியர் பிரம்பைத் தட்டிக் காலையும் மாலையும் ஒப்பிக்க வைத்தார். அந்த ராகம் என் வகுப்புவரை கேட்டது.

வந்த அதிகாரி, நொறுக்குத்தீனித் தட்டை மடியில் வைத்து, விரலை நக்கியபடியே தாம் கொண்டுவந்த புத்தகத்திலிருந்து ஒரு கதையை வாசித்தார். பேருந்தில் குடையை மறந்துவிட்ட தையற்காரி, அதை நடத்துநரிடமிருந்து திரும்பப் பெறும் கதை.

“சொல்லுங்க, கதையில யாரு?”

“யானை” என்றது வகுப்பு, ஒரே குரலில்.

“எங்க?”

“காடு.”

“என்ன சிக்கல்?”

“குடிக்கத் தண்ணி இல்ல.”

அதிகாரி மென்றுகொண்டே தலையாட்டினார். தாம் வாசித்ததைத் தாமே கேளாத மனிதர். தலைமையாசிரியர் கைதட்டினார்.

“நல்லா தயார் பண்ணியிருக்கீங்கம்மா. மாற்றல் கேட்டிருந்தீங்களாமே?”

கட்டம் டீச்சர் அவர் கையிலிருந்த புத்தகத்தைக் காட்டினார்.

“ஐயா, நீங்க படிச்ச கதையில யானை எங்க வந்துச்சு?”

அதிகாரி பக்கத்தைப் புரட்டினார். “என்னம்மா, கிண்டலா?”

“இல்லைங்க. பிள்ளைங்க கதையைக் கேக்கவே இல்ல. இன்னொரு தடவை படிங்க. சுவத்தை மறைச்சுட்டுக் கேட்டுப் பாப்போம்.”

“எனக்கு வேற வேலை இருக்கு.” எண்ணெய்க் கையை வகுப்புத் திரைச்சீலையில் துடைத்துவிட்டு எழுந்தார்.

பின்னாலேயே ஓடிய தலைமையாசிரியர் வாசலில் நின்று திரும்பினார். “வாயைத் திறக்காம இருந்திருந்தா வீட்டுப் பக்கத்துல நிம்மதியா இருந்திருப்பீங்க. பிழைக்கத் தெரியலையேம்மா.”

கட்டம் டீச்சர் பிள்ளைகளை எதிர்ச்சுவரைப் பார்த்து உட்காரவைத்து, அதிகாரி விட்டுச்சென்ற புத்தகத்திலிருந்து அதே கதையை வாசித்தார். பாதிப் பேர் மீண்டும் யானை என்றனர். மறுபடியும் வாசித்தார்.

“குடையை விட்டுட்டு வந்த அக்கா” என்றாள் கடைசி வரிசைச் சிறுமி.

“அவங்களுக்கு என்ன சிக்கல்?”

“மழை வந்தா தைச்ச துணியெல்லாம் நனைஞ்சுடும் டீச்சர். அப்புறம் திட்டு வாங்குவாங்க.”

புத்தகத்தில் அப்படி ஒரு வரியே இல்லை. அவளாகவே புரிந்துகொண்டது அது.

மாற்றல் வரவில்லை. அந்த அதிகாரியிடமிருந்து சுற்றறிக்கை ஒன்று வந்தது: எல்லாப் பள்ளிச் சுவர்களிலும் அந்த யானைக் கதையை விடைகளோடு எழுத வேண்டுமாம். கட்டம் டீச்சர் அதைப் படித்தார், கையெழுத்திட்டார், பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.